பதிவில் இல்லாத சாவு

மழை பிடித்துப் பதினோரு நாளாகிவிட்டது. சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் போய் மழையின் அழகைப் பற்றி யாராவது பேசினால் அடிதான் கிடைக்கும். கொடியில் போட்ட துணி காயாது. காயாத துணியை இஸ்திரிப் பெட்டிதான் காயவைக்க வேண்டும். பெட்டியைப் பிடித்திருக்கிற கைதான் கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெரியவளின் கை இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து உதறி, நான்காக மடித்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருக்கம் போகாது. ஈரம் கூடிவிட்டால் மஞ்சள் பூத்துவிடும். அந்தப் பக்குவம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. மற்றபடி அந்த விரல் நுனிகளுக்கு வேறெதுவும் தெரியாது. சூடு பட்டுப் பட்டுத் தோல் காய்த்துப்போயிருந்தது. கொதிக்கிற தேநீர் டம்ளரை அவள் வெறுங்கையால் பிடித்துக் குடிப்பதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாயைப் பிளப்பார்கள்.

வீட்டில் இரண்டே பிள்ளைகள். அவள் பெரியவள், தம்பி சின்னவன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அதுவே பேராக நின்றுவிட்டது. சலவைக்கூடத்து மேஸ்திரிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

"மேஸ்திரி, மத்தியானத்துக்கு மேல லீவு வேணும்."

"மழை நேரத்துல லீவா? மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு. என்ன விஷயம்?"

"எங்கம்மாவோட மரணச் சான்றிதழ் வாங்கணும்."

மேஸ்திரி கையிலிருந்த சோப்புத் தூள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ! எப்ப தவறினாங்க?"

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

மேஸ்திரி மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டார். "அப்ப என்னம்மா இவ்வளவு அவசரம்?"

அவசரம் சின்னவனுடையது. அவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் உட்கார்ந்தால் வாயும் ஓயாது, ஹாரனும் ஓயாது. கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவனுக்குக் கால் வீங்கியது. செருப்பு கடிக்கிறது என்று செருப்பை மாற்றினான். பிறகு முகம் வீங்கியது. முகத்தை மாற்ற முடியாதே, ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தன் ரத்தம் குழாய் வழியாகப் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "என் ரூட்டே மாறிப்போச்சு அக்கா. போற பஸ்ஸும் நான்தான், வர்ற பஸ்ஸும் நான்தான்" என்பான். இரண்டு மாதமாக அந்தப் பகடியும் நின்றுவிட்டது.

பெரியவளின் ரத்தம் அவனோடு ஒத்துப்போனது. "என்னோடத எடுத்துக்குங்க" என்று அவள் சொன்னபோது, இரவல் புடவை கொடுக்கிறவளைப் போலத்தான் சொன்னாள். சோதனை மேல் சோதனையாக நான்கு மாதம் போயிற்று. எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு பாக்கி. உங்க தம்பிக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. சர்க்கரை இல்ல, ரத்தக் கொதிப்பு இல்ல, குடி இல்ல. சில குடும்பங்கள்ல இது வழிவழியா வரும். உங்க அப்பா அம்மா எதுல தவறினாங்க?"

"அப்பா கட்டட வேலை. சாரம் சரிஞ்சு விழுந்து போயிட்டாரு. அம்மா காய்ச்சல்ல போனாங்க."

"என்ன காய்ச்சல்?"

"காய்ச்சல்னுதான் சொல்லுவாங்க."

"யாரு?"

"சித்தி. அவங்கதான் எங்களை வளர்த்தாங்க."

"வாய்வார்த்தை பத்தாதும்மா. ரெண்டு பேரோட மரணச் சான்றிதழும் கொண்டாங்க. காரணம்னு ஒரு இடம் இருக்கும், அதை நான் பார்க்கணும். அனுமதி கொடுக்கற குழுவும் கேட்கும்."

"ஒருவேளை வழிவழியா வந்ததா இருந்தா?"

"உங்ககிட்ட எடுக்க மாட்டேன். இன்னிக்கு நல்லா இருக்கறது பத்து வருஷத்துல கெட்டுப்போகலாம். ஒண்ணை எடுத்துட்டா அப்ப உங்களுக்கு மாத்து கிடையாது. தம்பிக்குப் பட்டியல்ல பேரு எழுதி வச்சிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்."

"எத்தனை நாள்?"

"வருஷக் கணக்கு. அவர் உடம்பு அதுவரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

பெரியவள் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தாள். பயப்பட வேண்டிய நேரம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

பிறப்பு இறப்புப் பதிவகம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் தும்மல் வரும். பதிவேடுகளைக் காக்கிற மனிதர் மூக்கை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே உலாவிக்கொண்டிருப்பார். அந்த அலுவலகத்தில் அவருக்குத் தூசிக்காரர் என்றுதான் பெயர். ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. வேலையில் அப்படி ஒரு ஆசை கொண்டவரை எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது. முன்னோர்களைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் வந்துவிட்டால், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகம் மலர்ந்துவிடுவார்.

"போன வாரம் ஒரு குடும்பம் வந்துச்சும்மா. அஞ்சு தலைமுறை பின்னாடி போய்ப் பார்த்துட்டு வந்தோம். ஒரு கொள்ளுத்தாத்தா மூணு தடவை செத்திருக்காரு!"

"மூணு தடவையா?"

"ஒரே பேர்ல மூணு பேருங்க. குடும்பத்துல ஒருத்தருக்கும் தெரியல. மூணு பேரையும் ஒரே ஆளா வச்சு இத்தனை நாள் பெருமை பேசிட்டு இருந்திருக்காங்க." அவர் துண்டுக்குள்ளேயே சிரித்தார். "சான்றிதழை எப்படிப் படிக்கணும்னு ஒரு முறை இருக்கு. எல்லாரும் செத்தவர் பேரைப் பார்த்துட்டு மடிச்சு வச்சிடறாங்க. கீழே பாருங்க, தகவல் சொன்னவர்னு ஒரு கட்டம். கதை முழுக்க அங்கதான் இருக்கு. செத்தவர் எழுந்து வந்தா சொல்லப்போறாரு? சொன்னவர் பொய் சொல்லியிருந்தா நாங்க பொய்யைத்தான் எழுதியிருப்போம். அழகா, முத்து முத்தா எழுதியிருப்போம்."

அப்பாவுடையது கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. சாரம் சரிந்து விழுந்ததில் தலையில் அடி. தகவல் சொன்னவர் கட்டட மேஸ்திரி. அம்மாவுடையது கிடைக்கவில்லை. அந்த வருடத்துப் பதிவேட்டில் இல்லை. முந்தின வருடத்தில் இல்லை, பிந்தின வருடத்தில் இல்லை. பெரியவள் மூன்று தடவை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து போனாள். மேஸ்திரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

மூன்றாவது நாள் தூசிக்காரர் கையை விரித்தார். "உங்கம்மா சாகவே இல்லம்மா. காகிதத்தைக் கேட்டா அப்படித்தான் சொல்லுது. வேணும்னா 'பதிவு இல்லை'ன்னு ஒரு கடிதம் தர்றேன். அதோட ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தா சில இடத்துல ஏத்துக்குவாங்க."

பெரியவள் பதிவேட்டின் பழுப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க கூடத்துல சில சமயம் விரிப்புல போட்ட குறி வெளுத்துப் போயிடும். எந்த விடுதியோடதுன்னு தெரியாது. அப்ப ஓரத் தையலைப் பார்ப்போம். ஒவ்வொரு விடுதியும் ஒரு மாதிரி மடிச்சுத் தைச்சிருக்கும். இங்க பேரை விட்டுட்டு வேற எதையாவது வச்சுத் தேட முடியாதா?"

தூசிக்காரர் மூக்கிலிருந்து துண்டை அவிழ்த்தார். "வீட்டு எண்! எனக்கு ஏன் தோணல? எங்க இருந்தீங்க அப்ப?"

"மில் லைன் வீடு. நாப்பத்தாறு."

அவர் விரல் தாளில் மெதுவாக இறங்கியது. நான்காவது பக்கத்தில் நின்றது. "இருக்கு. ஆனா பேரு வேற." அவர் வாசித்தது சித்தியின் பேரை. "வயசு இருபத்தேழு. தொழில் நூல் மில் தொழிலாளி. இறந்த இடம் மில் ஆஸ்பத்திரி. காரணம், சிறுநீரகங்கள் செயலிழந்தது. தகவல் சொன்னவர், இறந்தவரின் அக்கா." நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா இது?"

"எங்க சித்தி."

"த்சொ, த்சொ. இருபத்தேழு வயசு சாகற வயசா?"

"இப்ப வீட்ல வெங்காயம் உரிச்சிட்டு இருப்பாங்க" என்றாள் பெரியவள்.

அந்த மனிதர் அவிழ்த்த துண்டை மறுபடியும் மூக்கில் கட்டிக்கொண்டு, பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தார். தகவல் சொன்னவர் கட்டத்தில் அம்மாவின் பேரில் ஒரு கையெழுத்து இருந்தது. பேர் அம்மாவுடையது, கை சித்தியுடையது. கடைசி எழுத்தின் வாலை மேலே தூக்கிச் சுழித்து விடுகிற கை. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில் வருடா வருடம் பார்த்துப் பழகிய சுழி அது.

"பிரதி எடுத்துத் தரவா?" என்று தூசிக்காரர் மெல்லக் கேட்டார்.

"வேணாம். அந்த 'பதிவு இல்லை' கடிதம் கொடுங்க. அது பொய் இல்லையே?"

"பொய் இல்லம்மா" என்றார் அவர். ஆனால் எழுதும்போது அவளைப் பார்க்கவில்லை.

சித்தி ஒரு தொழிற்சாலை உணவுக்கூடத்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறவள். காலையில் இரண்டு மூட்டை வந்து இறங்கும். சாயங்காலத்துக்குள் உரித்து வாளியில் போட்டுத் தர வேண்டும். அறுபத்தைந்து வயதில் அது வேண்டாம் என்று இரண்டு பேரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடலாம் என்றால், "பிச்சை எடுக்கற அளவுக்கு நான் போயிடல" என்று சீறுவாள். ஓட்டுப் போட வரமாட்டாள், அன்றைக்கென்று கால் வலிக்கும். கை எலும்பு விரிசல் விட்டபோதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் பிள்ளைகள் வீம்பு என்று வைத்திருந்தார்கள்.

பெரியவள் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, ஒரு கத்தியை எடுத்துத் தானும் உரிக்கத் தொடங்கினாள். நாலைந்து வெங்காயம் ஆன பிறகு சொன்னாள்.

"சித்தி, உன்னோட மரணச் சான்றிதழைப் பார்த்தேன்."

சித்தியின் கை நிற்கவில்லை. "இன்னும் வச்சிருக்காங்களா அதை?" என்றாள்.

"வச்சிருக்காங்க."

"சோறு சாப்பிட்டியா?"

"சித்தி."

"அடுப்புல இருக்கு. முட்டை அவிச்சு வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு வந்து கேளு, எல்லாத்தையும் சொல்றேன். வெறும் வயித்துல கேக்காத."

பெரியவள் போய்ச் சாப்பிட்டாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு முட்டையையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சித்தி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மில் கார்டுன்னு ஒண்ணு உண்டு. வேலைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் மில் ஆஸ்பத்திரி. எனக்கு இருந்துச்சு. உங்கம்மாவுக்கு இல்ல. லைன்ல அப்ப எல்லாரும் கார்டை மாத்தி மாத்தித்தான் ஓட்டுவோம். யாருக்கு உடம்பு முடியலையோ அவங்க எடுத்துட்டுப் போவாங்க. கார்டுல இருக்கற போட்டோ தம்மாத்தூண்டு, எலிக்குஞ்சு மாதிரி இருக்கும், யாருன்னு தெரியாது. நாப்பதாம் நம்பர் வீட்டுக்காரி கார்டுல மூணு மாசத்துல ரெண்டு பிரசவம் ஆச்சு. டாக்டர் வாழ்த்து சொல்லி அனுப்பினாரு."

அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அது முகத்திலேயே அப்படியே நின்று காய்ந்துபோனது.

"உங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் ஊதிப்போச்சு. மூச்சு விட முடியல. என் கார்டைக் கையில கொடுத்தேன். கேட்டா என் பேரைச் சொல்லு, வயசு இருபத்தேழுன்னு சொல்லுன்னு பாடம் பண்ணி அனுப்பினேன். சேத்துக்கிட்டாங்க. பதினெட்டாம் நாள் போயிட்டா. செத்துப்போனது யாரு? கார்டுல இருக்கறவ. நான் வாயைத் திறந்தா போலீஸ். என்னோட போனாலும் பரவால்ல, லைன்ல இருக்கற அத்தனை பேர் கார்டையும் பிடுங்கிடுவாங்க. நீ ஆறு வயசு, அவன் மூணு வயசு, உங்கப்பாவும் முன்னாடியே போயிட்டாரு. நான் உள்ள போனா உங்களை யாரு பார்ப்பா? அவங்க நீட்டின எடத்துல உங்கம்மா பேரை எழுதிட்டு வந்துட்டேன்."

"அப்புறம் மில்லு?"

"செத்தவளுக்கு ஷிஃப்ட் கொடுப்பாங்களா? நான்தான் வாசல் பக்கமே போகலையே. தலையில முக்காடு போட்டுக்கிட்டு உங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன்."

"முப்பத்தெட்டு வருஷம் சொல்லலையே சித்தி."

"சொல்லி? அதுல என்ன கெடக்கு?"

"அம்மா கிட்னி கெட்டுச் செத்தாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?"

சித்தியின் கத்தி அப்போதுதான் நின்றது. "சின்னவன் முகம் வீங்கின அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"நாலு மாசமா நான் ஊசி குத்திக்கிட்டு அலையறேன். அப்பவும் சொல்லல."

"சொன்னா அவன் செத்துடுவான். சொல்லலன்னா உனக்கு என்ன ஆகுமோ. எந்தப் பக்கம் பேசறதுன்னு தெரியாம வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தேன், அதே மாதிரி இருந்துட்டேன்."

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினாள். "இதுல அம்மா பேர்ல பதிவு இல்லன்னு போட்டிருக்கு. இதைக் கொடுத்துட்டு, காய்ச்சல்ல செத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறேன். ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கேட்டுட்டேன், போதும்னாங்க."

"டாக்டரம்மா வேணாம்னு சொன்னதைத் தெரிஞ்சே செய்யப்போறியா?"

"டாக்டரம்மாவுக்குத் தெரியாதே."

"நாளைக்கு உனக்கும் முகம் வீங்கினா?"

"வீங்கட்டும்."

"வீங்கட்டுமா? ஏண்டி, விரிப்பு தீஞ்சுபோச்சுங்கற மாதிரி சொல்ற?"

"வேற எப்படிச் சொல்லணும் சித்தி? எனக்கு யாரு இருக்கா? கல்யாணம் பண்ணிட்டுப் போன ரெண்டாம் வருஷமே திரும்பி வந்துட்டேன். காலையில எழுந்திருச்சா கூடம், சாயங்காலம் வந்தா நீயும் அவனும். அவன் போயிட்டா நான் ரெண்டு கிட்னியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?"

வாளி நிரம்பிவிட்டது. உணவுக்கூடத்து வண்டி வந்து ஹாரன் அடித்தது. இரண்டு பேருமாக வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிற நாள் வந்தது. அன்று சின்னவனுக்கு மிஷின் நாள். அவனை நாற்காலியில் சாயவைத்து, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு, பெரியவள் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். கடிதத்தையும் அப்பாவின் சான்றிதழையும் மேசையில் வைத்தாள். டாக்டரம்மா இரண்டையும் படித்தார்.

"அம்மாவோடது பதிவே ஆகலையா?"

"இல்லையாம்."

"காய்ச்சல்தான், வேற எதுவும் இல்ல. அதுதானே?"

"காய்ச்சல்தான்."

"சரி, இங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பெரியவள் பேனாவைப் பிடித்து 'காய்' என்பது வரை எழுதிவிட்டாள். அப்போது கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு சித்தி உள்ளே வந்தாள். முப்பத்தெட்டு வருடம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காதவள், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் ஒரு பழுப்பு உறையோடு நின்றாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

சித்தி தன் பேரைச் சொன்னாள். சித்தி வாயால் அந்தப் பேரைப் பெரியவள் அதுவரை கேட்டதே இல்லை. அக்கம்பக்கத்தில்கூடச் சித்திக்குச் சித்தி என்றே பேர். முழுப் பேரையும், சாட்சிக் கூண்டில் நிற்பவளைப் போல நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, உறையைப் பிரித்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"இதுல செத்துப்போனவ நான். ஆனா செத்தது நான் இல்ல, இவ அம்மா. என் கார்டுல நான்தான் சேத்தேன். கிட்னி கெட்டுத்தான் போனா. நானே அந்தப் பதிவு ஆபீசுக்குப் போய்ச் சொல்லி, நேத்து வாங்கிட்டு வந்தேன்."

"சித்தி, வெளிய போ" என்றாள் பெரியவள். சத்தமாகச் சொல்ல நினைத்தாள், சாதாரணமாகத்தான் வந்தது.

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. இதுல அப்படி எதுவும் இல்லையே. வேற ஒருத்தர் பேரு, வேற வயசு. இவங்களை ஆபரேஷனுக்கு விட மனசில்லாம நீங்க சொல்ற கதையாக்கூட இருக்கலாம். வீட்ல இது நடக்கறதுதான். நான் எதை வச்சு நம்பறது?"

"அந்த ஆபீஸ்காரரு இன்னொரு காகிதமும் கொடுத்தாரு. மில் ஆஸ்பத்திரியை மூடினப்ப பழைய கட்டெல்லாம் அவங்ககிட்டதான் வந்துச்சாம். மூக்குல துண்டைக் கட்டிட்டு ரெண்டு நாள் தேடி எடுத்திருக்காரு. நான் படிக்கல. என்னால முடியாது. நீங்க படிங்க."

டாக்டரம்மா படித்தார். முதலில் மேலோட்டமாக, பிறகு மறுபடியும் மேலிருந்து. அது பதினேழாம் நாள் நர்ஸ் எழுதிய குறிப்பு. அவர் பெரியவளைப் பார்த்துவிட்டு, நிதானமாக வாசித்தார்.

"'நோயாளி தன் பெயர் இதுவல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வேறு பெயர் சொல்கிறார்.' பெயரையும் எழுதியிருக்காங்க." டாக்டரம்மா அதை வாசித்தார். அம்மாவின் பேர். சின்னவனின் பிறப்புச் சான்றிதழில், அதே மேசையில், அதே கோப்பில் இருந்த பேர். "'வீட்டில் பெரியவள், சின்னவன் என்று இரண்டு பிள்ளைகள் இருப்பதாகவும், பெரியவள் பசி தாங்க மாட்டாள், தான் போக வேண்டும் என்றும் சொல்லி எழுந்திருக்க முயல்கிறார். உடனிருக்கும் சகோதரி, நோயாளிக்குத் திருமணமே ஆகவில்லை, காய்ச்சலில் பிதற்றுகிறார் என்கிறார். தூக்க ஊசி போடப்பட்டது.'"

சித்தி சுவரோடு சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது போதும்" என்றார் டாக்டரம்மா. பெரியவளின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடிவைத்தார். பாதி எழுதிய தாளை இரண்டாகக் கிழித்தார். "உங்ககிட்ட நான் எடுக்க மாட்டேன்மா. யார் வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன். தம்பி பேரை இன்னிக்கே பட்டியல்ல எழுதறேன்."

"என்னோடத எடுத்துக்கக் கூடாதா?" என்றாள் சித்தி தரையிலிருந்தே.

"உங்களுக்கும் அதே ரத்தம்தானேம்மா. வயசும் ஆயிடுச்சு."

"ஆமா. நான்தான் செத்துப்போனவளாச்சே" என்றாள் சித்தி. யாரும் சிரிக்கவில்லை.

வெளியே நடையில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. இரண்டு பேரும் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். தரையில் ஈரக் காலடிகளை ஒருத்தி துடைத்துக்கொண்டே போனாள். அவள் துடைக்கத் துடைக்க ஆட்கள் மிதித்துக்கொண்டே வந்தார்கள். பெரியவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். வரவில்லை. ஆறு வயதுக்காரிக்கு ஒரு முகம்கூடவா நினைவிருக்காது என்று தன் மேலேயே அலுப்பாக இருந்தது.

"பசி தாங்க மாட்டேன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னா." சித்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. என் பேரைச் சொல்ல விடுடின்னா. கண்டுபிடிச்சா வெளிய தூக்கிப் போட்டுருவாங்கன்னு பயந்து, உளர்றான்னு சொல்லி நான்தான் நர்ஸைக் கூப்பிட்டேன். ஊசி போட்டப்புறம் அவ முழிக்கவே இல்ல."

பெரியவள் நகர்ந்து போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்காரவில்லை. எழுந்தும் போகவில்லை. சித்தியைத் திட்டவோ தேற்றவோ தன்னிடம் ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடினாள். எல்லாம் மரத்துப்போயிருந்தது.

மிஷின் முடிந்து சின்னவன் வந்தான். முழங்கைக்குக் கீழே பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். முகம் வெளிறி, உதடு காய்ந்து, ஆனால் கண்ணில் ஓர் ஆவல் இருந்தது. சித்தியை ஆஸ்பத்திரியில் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னக்கா, கையெழுத்து போட்டாச்சா? எப்ப ஆபரேஷன்?"

பெரியவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இன்னும் வீக்கம் இருந்தது. நாற்பத்தோரு வயசு முகம். பொய் சொல்ல வேண்டும் என்றால் அப்போதே சொல்லியாக வேண்டும். தேதி இன்னும் குறிக்கவில்லை என்று சொல்லலாம். காலையிலிருந்து, இல்லை, நாலு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"இல்லடா. நம்ம அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அவன் திகைத்துப்போய்ச் சித்தியைப் பார்த்தான். சித்தி அவனை நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினாள்.

"ஆமாடா. அவ அன்னிக்கே சொன்னா. நான்தான் யாரையும் கேக்க விடல."

சின்னவனுக்கு எதுவும் புரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, "முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றான்.